கட்டைவிரலுக்கு அளவான துளை

உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி, பந்தின் கட்டைவிரல் துளைக்குள் விட்டு, கைகள் தேய்த்துக்கொண்டிருந்தன. உள்ளே கொஞ்சம், விளிம்பில் கொஞ்சம். பிறகு தேய்ப்பதை நிறுத்தி, தூளை ஊதிவிட்டு, சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு வட்டம் சுற்றிப் பார்த்தன. எங்கோ மயிரிழை அளவு தடுக்கியது. மறுபடியும் உப்புத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பின்கள் சரியும்போதெல்லாம் இந்தப் பக்கம் மேசை நடுங்கும். கைகளுக்கு அது பழக்கம். நடுக்கம் வரும்போது நிற்கும், அடங்கியதும் தொடரும்.

அந்தக் கைகளுக்கு உரியவரைப் பவுலிங் கூடத்தில் எல்லோரும் துளைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லேன் என்கிற, எண்ணெய் பூசிய நீண்ட மரத் தடத்தில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கும் விளையாட்டு அது. பந்தில் மூன்று துளைகள். இரண்டு விரலுக்கு இரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று. கூடத்தின் அடுக்கில் இருக்கும் பொதுப் பந்துகளில் அனேகமாக யார் கையும் நுழையும்படி துளை பெரிதாக இருக்கும். சொந்தப் பந்து வாங்குகிறவர்களுக்கு மட்டும் துளைக்காரர் கையை அளந்து துளை போட்டுத் தருவார். கடையில் எடுத்த சட்டைக்கும் அளவு கொடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்.

முன்பு அவர் ஒரு பம்பு தயாரிக்கும் பட்டறையில் துளை போடும் இயந்திரத்தில் இருந்தார். பட்டறை மூடியபோது, அங்கே அவருடன் வேலை பார்த்து, பின்பு பவுலிங் கூடத்தில் பின் அடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கப் போயிருந்த மெஷின்காரர்தான் இங்கே கூட்டி வந்தார். "இரும்புல ஓட்டை போட்டவன் பந்துல போட மாட்டானா" என்று முதலாளியிடம் அவரே உறுதி சொல்லிவிட்டார். போடத்தான் போட்டார். முதலில் போட்டதெல்லாம் வீண். சொல்லித்தர ஆள் இல்லாததால், விரிசல் விட்ட பழைய பந்துகளை வீட்டுக்குத் தூக்கிப்போய், மனைவியின் கைக்கு, மைத்துனனின் கைக்கு என்று துளை போட்டுப் பழகினார். சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலும் ஒரு பந்து கிடந்த காலம் அது. மனைவி ஒருநாள், "நான் பிள்ளை வளர்க்கறேனா, பந்து வளர்க்கறேனா" என்று கேட்டதும்தான் பந்துகளை மொட்டை மாடிக்கு ஏற்றினார்.

அவர் வாய் அதிகம் பேசாது. அளவு எடுக்க வருகிறவர்களிடம் ஒரே ஒரு பாடம் சொல்வார். "நீங்க பந்தைப் பிடிக்கக் கூடாது. பந்து உங்க கையில சும்மா இருக்கணும். பிடிக்க வேண்டி வந்தா துளை தப்புன்னு அர்த்தம்."

இப்போது மேசைமேல் இருந்த நீலப் பந்து வாடிக்கையாளர் யாருக்கும் இல்லை. அவருடைய தங்கைக்கு.

தங்கைக்கு நாற்பதை ஒட்டிய வயது. எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள், கற்றதை விடமாட்டாள். பள்ளிக்கூடம் அவளை மூன்றாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். அதே பவுலிங் கூடத்தில், ஆட வருகிறவர்களுக்கு வழுக்காத வாடகை ஷூ எடுத்துக் கொடுக்கும் மேடையில் அவளுக்கு வேலை. வந்தவர்களின் முகம் அவளுக்கு மனதில் நிற்காது. ஷூ அளவு நிற்கும். ஒருமுறை வந்துபோனவர் ஆறு மாதம் கழித்து வந்தாலும், "வாங்க ஏழு" என்று எடுத்து வைத்துவிடுவாள். முதலாளி ஒன்பதரை. மெஷின்காரர் பத்து. அண்ணன் மட்டும் அண்ணன். கோபம் வந்தால் அவரும் எட்டு ஆகிவிடுவார்.

மேடையில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. வருகிறவர் தன் சொந்தச் செருப்பைக் கழற்றி மேடைமேல் வைத்தால்தான் ஷூ கொடுப்பாள். முதலாளியின் மைத்துனர் ஒருநாள் அவசரம் என்று கை நீட்டியபோதும், "பழசை வைங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். அவர் கடைசியில் வைத்தார்.

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான பவுலிங் அணி ஒன்று வாரத்தில் ஒரு காலை அங்கே பயிற்சி செய்யும். தங்கை அதில் இருந்தாள். பயிற்சி கொடுக்கிறவர் ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர், தங்கைக்கு ஆறரை. அணி ஆரம்பித்த நாளிலிருந்து தங்கையுடன் ஒரே லேனில் ஆடுகிறவன் பதினொண்ணு. அட்டைப்பெட்டி மடிக்கும் பட்டறையில் வேலை; நெடிய ஆள், படகு போலப் பாதம். பேச்சு குறைவு. யார் உருட்டினாலும், பின் விழுந்தாலும் விழாவிட்டாலும், இருவரும் ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் தட்டிக்கொண்டால்தான் அடுத்த பந்து. பந்து தடத்தின் ஓரப் பள்ளத்தில் விழுந்ததற்கு எதற்குக் கைதட்டு என்று டீச்சர் ஒருமுறை கேட்டார். "அவன் உருட்டினான்ல" என்றாள் தங்கை.

இத்தனை வருஷமாக அவள் உருட்டியது அடுக்கில் இருந்த ஆரஞ்சுப் பொதுப் பந்தைத்தான். அவளாகக் கேட்கவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. பயிற்சி நேரத்தில் அவர் எப்போதும் அறைக்குள்ளே யாருடைய பந்திலாவது குனிந்திருப்பார். ஆண்டுக்கு இரண்டு தடவை போட்டி நடக்கும். முதலில் தரம் பிரிக்கும் நாள். அன்று எடுக்கும் புள்ளிகளைப் பார்த்து, ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடுகிறவர்களை ஒரு குழுவில் போடுவார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தந்தக் குழுவுக்குள் இறுதிப் போட்டி. இந்தத் தடவை தரம் பிரிக்கும் நாளில் மின்சாரம் போய் இயந்திரம் நின்றதால் அவர் வெளியே வந்து நின்றார். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது தங்கையின் கையைப் பார்த்தார். அவளுடைய சின்னக் கட்டைவிரல் அந்தப் பெரிய துளைக்குள் மடங்கிக்கொண்டு, பந்து விழுந்துவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. உருட்டியதும் விரலை உதறினாள். மூட்டு சிவந்திருந்தது.

பக்கத்தில் மெஷின்காரரும் பார்த்தார். "ஊர்ல இருக்கறவன் விரலுக்கெல்லாம் துளை போடறே. உன் தங்கச்சி விரல் என்னப்பா பாவம் பண்ணுச்சு?"

அன்று சாயங்காலமே துளைக்காரர், வீக்கம் பார்ப்பதாகச் சொல்லி அவள் கையை அளந்துகொண்டார். யாரோ விட்டுப்போன நீலப் பந்தின் பழைய துளைகளைப் பிசின் ஊற்றி அடைத்து, இறுகவிட்டு, தேய்த்து, புதிதாகத் துளைத்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இறுதிப் போட்டியன்று காலையில் கொடுத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை.

கொடுத்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல்களை விட்டாள். கையைத் தொங்கவிட்டாள். பந்து சும்மா இருந்தது. திரும்பிப்போய் ஆரஞ்சுப் பந்தைத் தூக்கிவந்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு, நீலத்தை எடுத்துக்கொண்டு போனாள். எதற்கு வைத்தாள் என்று புரியாமல் அவர் அதை அடுக்கில் கொண்டுபோய் வைத்தார்.

அன்று தங்கை ஆடியதுபோல் அந்தக் கூடம் பார்த்ததில்லை. ஆட்டத்துக்கு அறுபது, எழுபது எடுக்கிறவள் நூற்றிருபதைத் தாண்டினாள். ஒவ்வொரு தடவையும் பின்கள் சரியும்போது, இது தன் வேலைதானா என்பதுபோலப் பந்து போன வழியைப் பார்த்தாள். பதினொண்ணு கையை நீட்டுவான், தட்டுவாள். கடைசியில் அவன் கை நீட்டுவது தாமதமாகிக்கொண்டே வந்தது. அவன் எப்போதும்போல எண்பதில் நின்றான். அந்தக் குழுவில் எப்போதும் முதலாவது அவன்தான்.

பரிசுக்கு முன்னால் டீச்சர் துளைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பந்து நீங்க பண்ணிக் குடுத்ததா?"

"ஆமாங்க."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையில."

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? தரம் பிரிக்கிற அன்னிக்கு எடுத்ததைவிட ரொம்ப அதிகமா எடுத்தா அந்த ஆட்டம் செல்லாது. முதல் நாள் வேணும்னே குறைச்சு ஆடி, கீழ் குழுவுல நுழைஞ்சதா எடுத்துக்குவாங்க."

"அவ வேணும்னே ஆடலைங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்களேன்."

"சொன்னேன். எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்கன்னு நடுவர் சொல்றார். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியலை. சில பேர் அப்படிப் பண்ணவும் பண்றாங்க. அதுக்குத்தான் இந்த விதியே."

துளைக்காரர் இதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மோசமாக ஆடினால் தோல்வி. நன்றாக ஆடினால் வெற்றி. ரொம்ப நன்றாக ஆடினால் பொய். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எந்தத் துளைக்கும் அளவுகோல் வைத்திருப்பவர் அவர்.

பரிசு மேடையில் பதினொண்ணை முதலாவதாகக் கூப்பிட்டார்கள். அவன் ஏறிவிட்டு, பதக்கத்துக்குக் குனியாமல், கீழே நின்ற தங்கையைப் பார்த்தான். "அவதானே" என்றான். பரிசு கொடுக்க வந்தவர் சிரித்துக்கொண்டே எட்டிப்பார்த்தார், அவன் குனியவில்லை. டீச்சர் ஏறி, பதக்கத்தை வாங்கி அவன் கையில் கொடுத்து இறக்கினார். தங்கைக்கு, கலந்துகொண்டதற்கான ரிப்பன்.

வீடு போகும் வழியில் அவள் கேட்டாள்: "நான் பொய் ஆடினேனா?"

"இல்லம்மா."

"அப்ப யாரு?"



மறுநாள் நீலப் பந்தை அவர் மேசைமேல் வைத்தாள். "பழையபடி பண்ணிக் குடு, எட்டு."

எட்டு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது, பதக்கம் கிடைக்காத கோபம் என்று. டீச்சரிடம் போய்க் கேட்டுவந்தார். அடுத்த தரம் பிரிக்கும் நாளில் அதே நீலப் பந்தில் ஆடினால் போதும். மேல் குழுவில் போடுவார்கள். அங்கே எடுப்பதெல்லாம் செல்லும். நல்ல செய்தி என்று ஓடிவந்து சொன்னார். தங்கை வாடகை ஷூக்களுக்குள் மருந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

"மேல் குழுவுல யாரு?"

"உன்னை மாதிரி நல்லா ஆடறவங்க."

"பதினொண்ணு?"

"அவன் பழைய இடத்துலதான். உனக்கென்ன, உனக்கு அங்கே பதக்கமே கிடைக்கலாம்."

அவள் அடுத்த ஷூவை எடுத்தாள். "பழையபடி பண்ணு."

அவள் வாராந்திரப் பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பயிற்சி நேரத்தில் ஷூ மேடைக்குள்ளேயே நின்று, அடுக்கிய ஷூக்களைக் கீழே இறக்கி மறுபடி அடுக்கினாள். லேனில் பதினொண்ணு பந்தை உருட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்து, நீட்டிய கையை மடக்கிச் சட்டையில் துடைத்துக்கொள்வான். "இப்படியே விட்டா ரெண்டு பேரும் நின்னுடுவாங்க" என்றார் டீச்சர்.

"நீங்க அவகிட்ட எதைத்தான் கேட்டீங்க?" என்றாள் மனைவி.

"என்ன கேக்கணும்? பதக்கம் போச்சேன்னு இருக்கு அவளுக்கு."

"அவ சொன்னாளா?"

"சொல்லணுமா?"

"அதான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு மனைவி அடுப்பைத் தணித்தாள்.

கடைசியில் துளைக்காரர், கேட்டதையே செய்துவிடுவோம் என்று முடிவு செய்தார். நீலப் பந்தின் கட்டைவிரல் துளையைப் பிசின் ஊற்றி அடைத்தார். தன் வேலையில் ஆகச் சரியான துளை அதுதான் என்று அவருக்குத் தெரியும். அடைபட்ட பந்தை இயந்திரத்தில் ஏற்றியதும் கை நின்றுவிட்டது. தப்பாகப் போட வேண்டும், சரி, எவ்வளவு தப்பாக? ஆரஞ்சுப் பந்தை எடுத்துவந்து அளந்தார். அதன் துளை வட்டமாகக்கூட இல்லை. ஊரில் உள்ள கட்டைவிரல்கள் எல்லாம் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் அகன்று கிடந்தது. அந்தத் தேய்மானத்தை அப்படியே கொண்டுவர, சரியான துளை போடுவதைவிட அதிக நேரம் ஆனது.

மெஷின்காரர் வாசலில் நின்று பார்த்தார். "ஒழுங்காப் போட்டா காசு வாங்குவே. கெடுக்கறதுக்கு என்ன கூலி?"

"தெரியலை."

"கெடுக்கறதையும் அளந்து கெடுக்கறவனை இப்பத்தான் பார்க்கறேன்."

தங்கை வந்து விரலை விட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் உள்ளே மடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது நீ தெரிஞ்சே போட்டதா?"

"நீதானேம்மா கேட்டே?"

"தெரிஞ்சே கெட்டதா உருட்டினா, நான் வேணும்னே ஆடின மாதிரி ஆயிடும்ல. அப்ப அவங்க சொன்னது நிஜமாயிடும்."

பந்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

துளைக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். நல்ல பந்து வேண்டாம் என்கிறாள். கெட்ட பந்தும் வேண்டாம் என்கிறாள். ஆரஞ்சுப் பந்தை இப்போது கையில் எடுத்தாலே விரலைப் பார்க்கிறாள். அது தப்பு என்று தெரிந்துபோயிற்று, இனி தெரியாமல் போகாது. தெரிவித்தது யார் என்று யோசித்தபோது அவருக்கு இன்னும் குழம்பியது. ஒரு துளையை நேராகப் போட்டதில் இத்தனை கோணல் எப்படி வந்தது?

அடுத்த பயிற்சி நாளில் தங்கை அறைக்குள் வந்தாள். பின்னால் பதினொண்ணு, தலை கதவு நிலையில் இடிக்காமல் குனிந்து. நெஞ்சோடு ஒரு பச்சைப் பொதுப் பந்தை அணைத்திருந்தான். அவள் அந்தப் பந்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவன் வலது கையை இழுத்து மேசைமேல் விரித்து வைத்தாள், விற்பனைக்கு வைப்பதுபோல.

"இவன் கை" என்றாள்.

துளைக்காரர் பார்த்தார். பெட்டி மடித்து மடித்துத் தடித்த பெரிய கை. கட்டைவிரல் மூட்டில் காய்ப்பு. இந்தக் கைக்குப் பொதுப் பந்தின் துளை போதாது. உள்ளே போகாமல் நுனியிலேயே நின்றிருக்கும். தங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இவன் நுனிவிரலால் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறான். எண்பதே அவனுக்கு எப்படி வந்தது என்பதுதான் ஆச்சரியம்.

"இவனுக்கும் போடு. எனக்கும் திரும்ப நல்லதாப் போடு. ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுவோம்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இத்தனை நாளும் பதக்கத்தைத்தானே நினைத்துக்கொண்டிருந்தோம் என்று கூச்சமாக இருந்தது.

"இங்க பாரும்மா. பந்து நான் பண்ணித் தரலாம். ஒரே குழுவுல போடுவாங்கன்னு நான் சொல்ல முடியாது. இவன் உன்னைவிட அதிகமா எடுத்தா இவன் மேல போயிடுவான். குறைவா எடுத்தா நீ மேல போயிடுவே."

தங்கை யோசித்தாள். பதினொண்ணும் யோசித்தான்.

"அப்ப என்ன பண்றது?" என்றாள்.

"எனக்குத் தெரியலை."

"உனக்கும் தெரியலையா?"

"சத்தியமாத் தெரியலை."

அவளுக்கு ஏனோ அது நிம்மதியாக இருந்ததுபோல் தெரிந்தது. "சரி, அளந்துக்கோ அண்ணே" என்றாள்.

அளந்தார். விரலை விடச் சொன்னால் பதினொண்ணு கையையே உள்ளே இழுத்துக்கொண்டான், கூச்சம். தங்கை தன் விரலை முதலில் அளவு வளையத்தில் விட்டுக் காட்டினாள், பிறகு அவன் விட்டான். "வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்பான், ஆனால் தோள் ஏறும். துளைக்காரர் வாயைக் கேட்பதை விட்டுவிட்டுத் தோளைப் பார்த்துக்கொண்டே அளந்தார். டீச்சரிடம் இந்தத் தடவை முன்கூட்டியே சொன்னார். தரம் பிரிக்கும் நாளிலேயே இரண்டு புதுப் பந்தும் இறங்கட்டும், யாரும் யாரையும் சந்தேகப்பட இடமிருக்காது என்றார் டீச்சர். "எந்தக் குழு விழும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு."

நீலப் பந்தைச் சரிசெய்ய ஒரு மதியம் போதுமாயிருந்தது; கைக்கு வழி தெரியும். பதினொண்ணின் கறுப்புப் பந்து அப்படி இல்லை. துளையை ஒரே அளவில் இறக்காமல், காய்ப்பு உரசும் பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். உப்புத்தாள் தேய்ந்து துணி போல ஆனது. நடுவில் இரண்டு தடவை அவனைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கையைத் தொங்கவிட்டபோது தோள் ஏறவில்லை.

தரம் பிரிக்கும் நாள் காலை. லேன்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, முதல் பந்து இன்னும் உருளவில்லை. தங்கை நீலத்தை இடுப்பில் அணைத்து நின்றாள். பதினொண்ணு வழக்கம்போல அடுக்கிலிருந்து பச்சைப் பந்தை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்திருந்தான். துளைக்காரர் கறுப்புப் பந்தைத் துணியால் ஒருமுறை துடைத்து, துளைகள் மேலே இருக்கும்படி இரண்டு கையிலும் வைத்து நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. பச்சையையும் பார்த்தான், கறுப்பையும் பார்த்தான்.

"இது நல்லா இருக்குமா?" என்று தங்கையைக் கேட்டான்.

"இருக்கும்."

"அப்புறம் நீ எங்கே இருப்பே?"

"தெரியாது" என்றாள். "முதல்ல உருட்டுவோம். நீ உருட்டினதும் கையைக் குடு."

துளைக்காரரின் கைகள் நீட்டியபடியே இருந்தன. பந்து கனத்தது. தங்கை தன் நீலத்தைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, பதினொண்ணின் பிடியிலிருந்து பச்சையை மெல்ல விடுவித்து, அண்ணன் முன்னால் வைத்தாள்.

"பழசை வச்சாச்சு" என்றாள். "இப்ப குடு."

அவர் கொடுத்தார்.